தகடும் தணலும்

நம் கல்லூரிக்கு வரும் சாலையின் ஓரத்தில் டிங்கர் பட்டறைகள் வரிசையாக இருப்பதை நண்பர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். நீல ஒளி பளிச்சிடும், தீப்பொறி சிதறும், நாம் முகத்தைத் திருப்பிக் கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடப்போம். அத்தகைய பட்டறை ஒன்றில், என் தாய்மாமன் மேற்பார்வையில், ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்கான மெல்லிய தகட்டைப் பற்றவைக்கக் கற்றுக் கொண்டேன். வகுப்பில் படித்த மின்னியலும் வெப்பவியலும் அங்கே எனக்கு எவ்வளவு கைகொடுத்தன, எந்த இடத்தில் கைவிட்டன என்பதை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பட்டறையில் இதனை 'சி.ஓ.டூ. வெல்டிங்' என்பார்கள். புத்தகப் பெயர் 'மிக்', அதாவது 'மெட்டல் இனர்ட் காஸ்'. ஒரு சுருளிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பி மோட்டாரால் உந்தப்பட்டு, குழாய் வழியே 'டார்ச்' முனைக்கு வந்து கொண்டே இருக்கும். கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே மின்வில் எரியும்; கம்பியே உருகி இணைப்பில் சேரும். முனையைச் சுற்றி வெளிவரும் வாயு, உருகிய உலோகத்தைக் காற்றுப் படாமல் மூடிக் காக்கும். 1948-இல் அமெரிக்காவின் பட்டெல் நினைவு நிறுவனத்தில் இம்முறை உருவானபோது மந்த வாயுக்களையே பயன்படுத்தினர். 1953-இல் சோவியத் நாட்டின் லியுபாவ்ஸ்கியும் நோவோஷிலோவும், விலை மலிவான கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு எஃகைப் பற்றவைக்கும் முறையை வெளியிட்டனர். கார்பன் டை ஆக்சைடு மந்த வாயு அன்று. மின்வில்லின் வெப்பத்தில் அது சிதைந்து ஆக்சிஜனை விடுகிறது. அந்த ஆக்சிஜனைப் பிடித்துக் கொள்ளவே கம்பியில் சிலிக்கனும் மாங்கனீசும் கலந்துள்ளன. ஆகவே 'மிக்' என்ற பெயர் இங்கே பொருந்தாது என்று மாமாவிடம் சொன்னேன். "பேரு எதுவா இருந்தா என்ன மாப்ள, சிலிண்டர் வாடகை குறையுமா?" என்றார்.

காரின் வெளித் தகடு ஏறத்தாழ 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர் கனமே உள்ளது. இதற்கு 0.8 மி.மீ. கம்பியுடன் சுமார் 16 வோல்ட், 50 ஆம்பியர் வைப்போம். பெருக்கிப் பார்த்தால் 800 வாட். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி சட்டை முழுவதற்கும் பரப்பித் தரும் ஆற்றல் ஏறக்குறைய அதுவே. இங்கோ அது அரிசி மணி அளவுள்ள இடத்தில் இறங்குகிறது. கனமான இரும்பில் அந்த வெப்பம் நாலாபுறமும், கீழ்நோக்கியும் ஓடிவிடும். மெல்லிய தகட்டில் கீழே ஓட இடமே இல்லை. கை ஒரு நொடி தயங்கினால் தகடு செக்கச் சிவந்து, தொய்ந்து, பொத்துவிடும். முதல் ஞாயிறன்று நான் செய்தது முழுவதும் அதுதான். பொத்தலை அடைக்கப் போய் அதைப் பெரிதாக்கினேன். அதை அடைக்கப் போய் இன்னும் பெரிதாக்கினேன்.

எந்திரத்தில் ஆம்பியரைக் குறைக்கும் திருகைத் தேடினேன். அப்படி ஒன்று இல்லை. மின்னழுத்தத்துக்கு ஒன்று, கம்பி வேகத்துக்கு ஒன்று என இரண்டே திருகுகள். கம்பி வேகத்தைக் கூட்டினால் மின்னோட்டம் தானே கூடுகிறது. இது எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு இரவில் வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோது பிடிபட்டது. இவ்வெந்திரம் மின்னழுத்தத்தை ஏறத்தாழ மாறாமல் வைத்திருக்கிறது. கை சற்று விலகி மின்வில் நீண்டால் மின்னோட்டம் குறையும். கம்பி மெதுவாக உருகும். மோட்டாரோ அதே வேகத்தில் தள்ளுவதால் கம்பி முன்னேறி, இடைவெளி பழையபடி ஆகிவிடும். கை நெருங்கினால் இதற்கு நேர்மாறு. நடுங்கும் கையை எந்திரமே திருத்திக் கொள்கிறது! குறைந்த மின்னழுத்தத்தில் கம்பி தகட்டைத் தொட்டுத் தொட்டு, நொடிக்குப் பல பத்து முறை குறுக்குச் சுற்றாகி உருகுகிறது. அமைப்பு சரியாக இருந்தால் தூரத்தில் பட்டாசுச் சரம் வெடிப்பது போன்ற சீரான ஒலி வரும். மாமா திருகின் எண்களைப் பார்ப்பதே இல்லை. காதால் கேட்டே திருகுவார்.

பொத்தலுக்குப் பயந்து இரண்டு திருகுகளையும் குறைத்தேன். நான்காம் ஞாயிறு என் கையில் அழகான வரி விழத் தொடங்கியது. பொத்தல் இல்லை, மேடு ஒரே சீராக, எறும்பு வரிசை போல. மாமா ஒரு பழைய சிறிய காரின் 'ரன்னிங் போர்டை' என்னிடம் ஒப்படைத்தார். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி அது. துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து, 20 கேஜ் தகட்டில் துண்டு வைத்தேன். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டுப் பெருமையோடு முகமூடியைக் கழற்றினேன்.

"பாக்க நல்லாத்தான் இருக்கு. பிடிச்சிருக்கா?" என்று கேட்டபடி மாமா உளியை ஓரத்தில் வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். நான் வைத்த வரி, காய்ந்த பசை போலத் தகட்டிலிருந்து உரிந்து வந்தது. அடியில் பழைய தகடு உருகிய அடையாளமே இல்லை. கிரைண்டர் கோடுகள் அப்படியே இருந்தன. கம்பி உருகியிருக்கிறது, தகடு உருகவில்லை. உருகிய கம்பி அதன்மேல் வெறுமனே படிந்து உறைந்திருக்கிறது. வெளியே எந்தக் குறையும் தெரியாது. அதன்மேல் 'பட்டி' பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பொத்தல் தன்னைத் தானே காட்டிக் கொடுக்கிறது. இதுவோ மறைந்து கொள்கிறது.

இக்காலச் சிறு கார்களுக்குத் தனிச் சட்டம் இல்லை, உடலே சட்டம். பக்கவாட்டில் இன்னொரு வண்டி மோதினால் தாங்க வேண்டிய பகுதிகளுள் ரன்னிங் போர்டும் ஒன்று. அந்தக் காரின் பின் இருக்கையில் குழந்தையின் செருப்பு ஒன்று கிடந்தது. வேலை தொடங்கும்போதே அதைப் பார்த்திருந்தேன். அப்போது அது வெறும் செருப்பு.

வைத்த துண்டு முழுவதையும் பிரித்தெடுத்தேன். ஓரங்கள் வெள்ளியாக மின்னும்வரை துருவையும் பெயின்ட்டையும் தேய்த்தேன். இம்முறை முதலில் அதே கேஜில் இரண்டு கழிவுத் துண்டுகளை, அதே இடைவெளியோடு, அதே அமைப்பில் பற்றவைத்தோம். மூடிய பெட்டியின் உட்புறத்தைப் பார்க்க முடியாது. கழிவுத் துண்டின் பின்புறத்தைப் பார்க்கலாம். வெப்பம் ஊடுருவிச் சிறு மேடு அங்கும் தெரிய வேண்டும். பின்பு குறடால் பிடித்துக் கிழித்தோம். நல்ல இணைப்பு, தான் விடாமல் பக்கத்துத் தகட்டைப் பொத்தான் போலப் பிய்த்துக் கொண்டு வரும். எட்டாவது துண்டில்தான் எனக்கு அது வந்தது.

வெப்பத்தைக் குறைத்ததே என் பிழை. வெப்பம் உருகும் அளவுக்கு இருக்க வேண்டும். நேரத்தைத்தான் குறைக்க வேண்டும். ஒரு நொடி அளவுக்கு விசையை அழுத்தி ஒரு புள்ளி. பிறகு ஒரு சாண் தள்ளி அடுத்த புள்ளி. முதல் இடம் ஆறியபின் அதன் பக்கத்தில் இன்னொன்று. தொடர்ந்து வரியிட்டால் பொத்தலோடு போகாது, தகடும் நெளியும். சூடான பகுதி விரியப் பார்க்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாததால் தனக்குள்ளேயே நசுங்குகிறது. ஆறும்போது அளவில் குறைந்து சுற்றியுள்ளதை இழுக்கிறது. எஃகின் நீள்விரிவு எண் பத்து லட்சத்தில் 12 பங்குதான் என்று தேர்வில் எழுதியிருக்கிறேன். கதவுத் தகட்டில் நெளிவைப் பார்த்தபிறகு அந்த 'தான்' என்ற சொல் எனக்கு வருவதில்லை.

பின்புறம் கை எட்டும் இடங்களில் செம்புக் கட்டியை அண்டக் கொடுப்பார்கள். செம்பின் உருகுநிலை 1085 டிகிரி செல்சியஸ். எஃகுக்கோ ஏறத்தாழ 1500. அப்படியானால் செம்பு அல்லவா முதலில் உருக வேண்டும்? உருகுவதில்லை. எஃகைவிடச் சுமார் எட்டு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால் அது சூடேறும் முன்பே வெப்பத்தைப் பரப்பிவிடுகிறது. உருகிய எஃகு அதில் ஒட்டுவதுமில்லை. பேராசிரியர்கள் வெப்பக் கடத்தல் நடத்தும்போது இதனை வகுப்பில் செய்து காட்டலாம்.

காவல் முறைகளையும் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பெட்ரோல் டாங்க், குழாய், உள் மெத்தை எங்கே உள்ளன என்று பார்த்து அகற்ற வேண்டும். நாகம் பூசிய தகட்டில் பூச்சைத் தேய்த்தெடுக்காமல் பற்றவைத்தால், 907 டிகிரியிலேயே நாகம் கொதித்து வெண்புகையாகும். அதைச் சுவாசித்தவருக்கு இரவில் காய்ச்சல் வரும். புகை போக மின்விசிறி வேண்டும். விசிறியைத் திருப்பி வைத்தால் காக்கும் வாயுவும் போய், இணைப்பு பஞ்சு போல் துளைத்துவிடும். எனவே மே மாதத்திலும் விசிறியை முதுகுப் பக்கம் எட்ட வைத்துவிட்டு வியர்வையில் நனைகிறோம். முகமூடி இல்லாமல் 'ஒரே ஒரு புள்ளி' என்று நான் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. புற ஊதாக் கதிரின் வேலை நள்ளிரவில் தெரிந்தது. கண்ணில் மணலைக் கொட்டியது போல் விடியும்வரை துடித்தேன்.

ரன்னிங் போர்டை இரண்டாம் முறை முடிக்க அந்த ஞாயிறு போதவில்லை. மறு ஞாயிறும் ஆயிற்று. மாமா அதே உளியை வைத்து அதே போல் தட்டினார். தகடு வளைந்தது, இணைப்பு விடவில்லை. வளைந்த இடத்தை நிமிர்த்து, உட்புறம் துருத் தடுப்பு மெழுகைத் தெளித்து, மழைநீர் வடிய அடியில் இருக்கும் துளைகள் இரண்டையும் கம்பியால் குத்திப் பார்த்தபிறகே பெயின்ட்டர் கையில் கொடுத்தோம்.