ஐரிஷ் மொழியில் தீவு

கேள்வி: ஐரிஷ் மொழியில் தீவைக் குறிக்கும் பெயர்ச்சொல் எது? அதன் இலக்கணம் என்ன?

பதில்: தீவுக்குரிய வழக்கமான ஐரிஷ் சொல் ‘இல்யான்’. ஐரிஷில் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு; இது ஆண்பால், முதல் வேற்றுமை வகுப்பைச் சேர்ந்தது. ‘உடைய’ என்னும் பொருளில் இறுதி னகரம் மென்மையாகி, ஏறக்குறைய ‘இல்யாஞ்’ என்று ஒலிக்கும். பன்மைக்கும் அதே வடிவம்தான். ‘தீவுகளுடைய’ என்னும்போதோ சொல் மறுபடி ‘இல்யான்’ ஆகிவிடும்.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது சொல்லின் முன்பகுதி. ஐரிஷின் அழகே அங்கேதான் இருக்கிறது. ‘அந்த’ என்று குறிப்பிடும் ‘அன்’ முன்னால் வந்தால் எழுவாய் ‘அன் டில்யான்’ ஆகும். ஆறாம் வேற்றுமையில் அந்த டகரம் மறைந்து ‘அன் இல்யாஞ்’ ஆகும். பன்மையில் ‘ந ஹில்யாஞ்’. ‘அந்தத் தீவுகளுடைய’ என்றால் ‘ந நில்யான்’. பிளாஸ்கெட் தீவைச் சேர்ந்த டொமாஸ் ஓ கிரிஹனின் தன்வரலாறு 1929இல் வெளிவந்தது. ‘தீவுக்காரன்’ எனப் பொருள்படும் அதன் தலைப்பு ‘அன் டில்யானக்’. அதிலும் இதே டகரம் உண்டு.

‘இனிஷ்’ என்ற இன்னொரு சொல் பெரும்பாலும் ஊர்ப்பெயர்களில் வாழ்கிறது. கால்வே விரிகுடாவின் வாயிலில் உள்ள ஆரன் தீவுகளில் இனிஷ் மோர், இனிஷ் மான், இனிஷ் ஈர் மூன்றும் அப்படிப்பட்டவை. இது பெண்பால், ஆகவே எழுவாயில் டகரம் ஏறாது, ‘அன் இனிஷ்’ மட்டுமே. ‘அந்தத் தீவினுடைய’ என்பது ‘ந ஹின்ஷ’. ‘பாதி’ என்ற சொல்லை இதன் முன் சேர்த்தால் தீபகற்பம்: ‘லெஹினிஷ்’. அதுவும் பெண்பாலே.