இரண்டு பில்கள், இரண்டு சமன்பாடுகள்

விடுதித் தோழர் இருவர் உணவகத்தில் சாப்பிடுகின்றனர். பில்லில் மொத்தத் தொகை மட்டுமே உள்ளது. ஒருவர் குடித்தது ஒரே ஒரு தே தாரிக். சரிபாதியாகப் பிரிப்பது நியாயமா?

ஒரு ரொட்டி சானாயின் விலையை ‘ர’ என்றும், தே தாரிக்கின் விலையை ‘த’ என்றும் கொள்வோம்.

நேற்று: 3ர + 2த = 8.50 ரிங்கிட்
இன்று: 2ர + 3த = 9.00 ரிங்கிட்

இரண்டையும் கூட்டினால் 5ர + 5த = 17.50. எனவே ர + த = 3.50. இதன் இரு மடங்கான 7.00ஐ முதல் சமன்பாட்டிலிருந்து கழித்தால் ர = 1.50; ஆகவே த = 2.00. நேற்றுத் தே தாரிக் மட்டும் குடித்தவர் தரவேண்டியது 2.00 ரிங்கிட்தான், 4.25 அன்று.

ஒன்றைக் கவனியுங்கள். இன்று 6 ரொட்டியும் 4 தே தாரிக்கும் வாங்கி 17.00 கட்டியிருந்தால், விலைகளைக் கண்டுபிடிக்க முடியாது. அது நேற்றைய பில்லின் இரு மடங்கு. புதிய செய்தி எதுவும் இல்லை. அதற்கே 18.00 கட்டியிருந்தால் தீர்வே கிடையாது. விலை மாறியிருக்க வேண்டும் அல்லது பில்லில் பிழை இருக்க வேண்டும்.

ஆகவே நண்பர்களே, தீர்க்கத் தொடங்குமுன் இரண்டாவது சமன்பாடு புதிதாக ஏதேனும் சொல்கிறதா என்று பாருங்கள்.