கடன் தீர எண்ணெய்க் குடம் காட்டும் வழி

பணத்தைக் கையாளுவது விசுவாசிக்கு ஆகாத வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். கேரளத்தின் ஆலுவாவைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. 1931இல் திருவல்லா அருகே நெடும்புறத்தில் தொடங்கிய ஒரு சிறு வங்கியை, 1945இல் இந்த ஊருக்குக் கொண்டுவந்து வளர்த்தவர் கே. பி. ஹோர்மிஸ் என்ற கிறிஸ்தவ வழக்கறிஞர். அதுதான் இன்றைய ஃபெடரல் வங்கி. ஆனால் அதே கேரளத்தில் ஆளை விழுங்கும் கடனும் உண்டு. நம்மூரில் கந்துவட்டி என்கிறோமே, அதற்கு மலையாளிகள் வைத்த பெயர் 'ப்ளேடு'. அறுக்கிற வட்டி! 2014இல் கேரள அரசு 'ஆபரேஷன் குபேரா' என்ற பெயரில் ப்ளேடுக்காரர்களின் வீடுகளிலும் அலுவலகங்களிலும் சோதனை நடத்தியபோது, கடன்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலைகள் பிடிபட்டன.

கடனிலிருந்து மீள வேதாகமத்திலேயே ஒரு வழிகாட்டி இருக்கிறது. இரண்டாம் இராஜாக்கள் 4ஆம் அதிகாரம், முதல் ஏழு வசனங்கள். கணவனை இழந்த ஒரு பெண். அவள் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கக் கடன்காரன் வந்து நிற்கிறான். இறந்த கணவன் கடவுளுக்குப் பயந்து வாழ்ந்தவன். பக்தியுள்ள வீட்டிலும் கடன் நுழையும். அதனால் கடன்பட்டவரை விசுவாசமற்றவர் என்று தீர்ப்பிடாதீர்கள். அந்தப் பெண் போன வழியிலேயே நாமும் போகலாம்.

1. வாயைத் திறந்து சொல்லுங்கள்

அவள் முதலில் செய்தது எலிசா தீர்க்கதரிசியிடம் போய் முறையிட்டதுதான். இன்றிரவே கணவனிடமோ மனைவியிடமோ முழுத் தொகையையும் சொல்லுங்கள். அடுத்து, நம்பிக்கையான போதகர் அல்லது பங்குத்தந்தை ஒருவரிடம் சொல்லுங்கள். மூடி வைத்த கடன் இருட்டில் குட்டி போடும்.

2. வீட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

எலிசா கேட்ட கேள்வி இது. அவளிடம் இருந்தது ஒரு குடம் எண்ணெய் மட்டும். ஒரு நோட்டில் வரவு, கையிருப்பு, நகை எல்லாவற்றையும் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் கடன்களை எழுதுங்கள். உதாரணமாக:

- ப்ளேடு: 20,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் 5 வட்டி: 1,000 ரூபாய்
- நகை அடகு: 60,000 ரூபாய், நூற்றுக்கு 1 வட்டி: 600 ரூபாய்
- கூட்டுறவுச் சங்கம்: 40,000 ரூபாய், நூற்றுக்கு 1 வட்டி: 400 ரூபாய்

மூன்றிலும் சின்னக் கடன்தான் வருமானத்தை அதிகம் தின்கிறது. 'அஞ்சு வட்டி' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். ஆண்டுக்கு அது 60 சதவீதம்.

3. அயலாரிடம் பாத்திரம் கேளுங்கள்

அந்த எண்ணெயை வார்த்து நிரப்ப, எலிசா சொன்னபடி அவள் பக்கத்து வீடுகளில் கேட்டது வெறும் பாத்திரங்களை, பணத்தை அல்ல. கேரளத்தில் அந்தப் பாத்திரத்துக்குக் குடும்பஸ்ரீ என்று பெயர். 1998இல் தொடங்கிய இந்த அமைப்பின் அடித்தளம், 10 முதல் 20 பெண்கள் கூடும் 'அயல்கூட்டம்'. சிறுகச் சேமித்து, தங்களுக்குள்ளேயே குறைந்த வட்டிக்குக் கொடுத்துக்கொள்கிறார்கள். ப்ளேடுக்காரர்களிடமிருந்து மக்களை மீட்கவே 2018இல் பாலக்காட்டில் கூட்டுறவு வங்கிகளோடு சேர்ந்து 'முற்றத்தெ முல்ல' என்ற சிறுகடன் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டிலானால் மகளிர் சுய உதவிக் குழு. அதிக வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவதற்கு மட்டும் இங்கே கடன் வாங்குங்கள்.

4. கதவைப் பூட்டுங்கள்

எண்ணெய் வார்க்குமுன் அவள் கதவைப் பூட்டினாள். கடன் தீரும்வரை புதுக் கடன் வேண்டாம். செல்போன் செயலியில் வரும் கடனும் வேண்டாம். யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் எச்சரிப்பதும் இதைத்தான். பிள்ளையின் முதல் நற்கருணைக்கும் கல்யாண நிச்சயத்துக்கும் ஊரைக் கூட்டி விருந்து வைத்தே கடனாளியான குடும்பங்கள் உண்டு. நற்கருணைக்குப் பிரியாணிக் கணக்குத் தேவையில்லை. கடன் வாங்கிக் காணிக்கை போடாதீர்கள். "விதைத்தால் நூறு மடங்கு வரும்" என்று கடன்பட்டவரிடம் கை நீட்டுகிறவர், அந்த விதவையின் குடத்திலிருந்தே எண்ணெயை மொள்ளுகிறார்.

5. விற்று அடையுங்கள்

எண்ணெய் பெருகியது அற்புதம். விற்றதும் அடைத்ததும் அவள் உழைப்பு. மேலே சொன்ன கணக்கில், ஒரு நகையை விற்று ப்ளேடுக்காரரின் 20,000 ரூபாயை முடித்தால் மாதம் 1,000 ரூபாய் மிஞ்சும். அதை அப்படியே நகைக்கடனின் அசலில் கட்டுங்கள். வட்டியை மட்டும் கட்டி அடகைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் நகை என்றைக்கும் வீடு திரும்பாது. தங்கத்தை விற்பதில் அவமானம் இல்லை. பிள்ளைகளின் நாளைக் காப்பாற்றத்தானே அதைச் சேர்த்தோம்!

6. சட்டத்தின் துணையை நாடுங்கள்

வெற்றுக் காசோலை கொடுக்காதீர்கள். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். வங்கியின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் உங்களை அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் முடிந்த 30 நாளுக்குள் சொத்துப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். மீறினால் எப்படிப் புகார் செய்வது என்று ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டமும், கேரளத்தில் 2012ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. மிரட்டல் வந்தால் தனியாக நிற்காமல் காவல் நிலையத்துக்குத் துணையோடு போங்கள்.

7. மீதியில் வாழுங்கள்

கடனை அடைத்த பிறகு, மீந்ததில் தானும் பிள்ளைகளும் பிழைக்கும்படி எலிசா சொன்னார். கடைசித் தவணை முடிந்த மாதமும் தவணை கட்டுவதை நிறுத்தாதீர்கள். அதே தேதியில், அதே தொகையை உங்கள் பெயரில் சேமிப்பில் போடுங்கள். மூன்று மாதச் செலவுக்குச் சேர்ந்ததும் ஒரு பகுதியை எடுத்து வையுங்கள். நாளை கதவைத் தட்டி, கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்று அழப்போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு, நீங்கள் கொடுக்கப்போகும் பாத்திரம் அது.