குறிப்பேட்டையும் செயலியையும் இணைத்தல்

தமிழ்ச் சொற்களைத் திரட்டும் பணியிற் கிறிஸ்தவ ஊழியர்க்கு நெடுங்காலத் தொடர்பு உண்டு. யோசேப்பு நைட் பாதிரியார் தொடங்கிய சொற்றிரட்டைப் பிறர் வளர்க்க, மைரன் வின்சுலோ அதனை நிறைவாக்கி 1862-ஆம் ஆண்டிற் சென்னையில் அகராதியாக வெளியிட்டார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அப்பெருநூல்களிற் புகாது, உழவர் நாவிலும் மீனவர் நாவிலும் மட்டும் வழங்கும் வட்டாரச் சொற்கள் இன்னும் பல உள. அவற்றைத் திரட்டப் புகும் மாணவர் இக்காலத்திற் கைப்பேசியிலேயே குறித்துக்கொள்கின்றனர். குறித்தவற்றைப் பிறரும் தேடிப் படிக்கத்தக்க ஒரு செயலியாக்கவும் விரும்புகின்றனர். நிரல் எழுதக் கல்லாத தமிழ் மாணவரும் இதனைச் செய்துகொள்ளலாம். செய்யும் முறையையும், அதனுள் மறைந்து கிடக்கும் ஓர் இடரையும் ஈண்டு ஆராய்வாம்.

இதற்கு மூன்று கருவிகள் வேண்டும். முதலாவது குறிப்பெழுதும் செயலி. நாம் நோஷனை எடுத்துக்கொள்வோம். இரண்டாவது, நிரல் எழுதாது, திரையையும் பொத்தானையும் இடம் பார்த்து வைப்பதனாலேயே செயலி உண்டாக்கும் கருவி. இமானுவேல் ஸ்ட்ராஷ்நோவ், ஜோஷ் ஹாஸ் என்னும் இருவர் 2012-இல் நிறுவிய பபிள் இவ்வகையது. மூன்றாவது, இவ்விரண்டிற்கும் இடையே ஓடும் தூதன். பிராகா நகரில் இன்டெக்ரோமேட் என்னும் பெயரோடு தோன்றி, 2022-இல் மேக் எனப் பெயர் மாறிய கருவியை அத்தூதனாகக் கொள்வோம். ஸேப்பியர் முதலிய பிறவும் உள. நோஷன் தன் ஏபிஐ என்னும் வாயிலை 2021 மே மாதத்திற் பொதுமக்களுக்குத் திறந்த பின்னரே இத்தூது நேர்வழியில் எளிதாயிற்று. ஒரு நிரல் வெளியிடுவதை மற்றொன்று ஏற்குமாறு குழாயிட்டு இணைக்கும் எண்ணம் மட்டும் புதியதன்று. டக் மெக்கில்ராய் வற்புறுத்தியதன் பயனாகப் பெல் ஆய்வுக்கூடத்து யூனிக்ஸில் 1973-இலேயே அது நிறைவேறியது.

நோஷனில் வெறும் பக்கங்களை எழுதிக்கொண்டே போனால் தூதனுக்கு அவற்றாற் பயன் சிறிது. அட்டவணை ஒன்று அமைத்து, தலைச்சொல், பொருள், ஊர், தொழில், சொன்னவர், நிலை எனப் புலங்களாகப் பகுத்தல் வேண்டும். பபிளிலும் அவற்றிற்கு ஒத்த புலங்களை வைத்தல் வேண்டும். நோஷனில் ஓர் இணைப்பை உண்டாக்கினால் நீண்டதோர் இரகசியச் சாவி கிடைக்கும். ஆயினும் அட்டவணையை அவ்விணைப்போடு நாமே பகிர்ந்தாலன்றி அச்சாவி அதனைத் திறவாது. மேக்கில் ஒவ்வொரு வேலையும் ஒரு வட்டமாகத் தோன்றும். முதல் வட்டம் நோஷனைக் கவனிக்கும், இரண்டாவது பபிளிற் தேடும், மூன்றாவது எழுதும். எப்புலத்திலுள்ளது எப்புலத்திற் சென்று சேரவேண்டும் என்பதை நாமே சுட்டிக்காட்டுதல் வேண்டும். தூதன் எப்போதும் விழித்திருப்பவன் அல்லன். 15 நிமிஷத்திற்கு ஒருமுறை போ என்றால் அப்போதே போவான். நோஷனும் வினாடிக்குச் சராசரி மூன்று வேண்டுகோளுக்கு மேல் ஏற்பதில்லை. ஒரு வேண்டுகோளுக்கு 100 பதிவுகளுக்கு மேல் தருவதுமில்லை. ஆயிரக்கணக்கான சொற்களை முன்னரே திரட்டி வைத்திருப்பவர் முதல் நாளிற் சிறிது பொறுத்தல் வேண்டும்.

திருத்தப்பட்ட பதிவைத் தூதன் மீண்டும் கொண்டுவரும்போது, செயலியிலுள்ள பழைய பதிவு எது என்று அவன் எங்ஙனம் அறிவான்? தலைச்சொல்லை ஒப்பிட்டு அறியலாமே என்பர் சிலர். தமிழ் பயில்வோர் அதற்கு உடன்படார். 'படி' என்பது வாயிற்படியுமாம்; அளக்கும் படியுமாம்; பிரதியுமாம்; மாணவரை ஏவும் வினையுமாம். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக எழுதி அழித்துவிட்டுத் தூதன் மகிழ்ச்சியோடு திரும்புவான். இதனினும் நுட்பமானதொரு வேறுபாடும் உண்டு. 'கொ' என்னும் எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடு ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாகிய இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். யூனிகோடு விதி இரண்டும் ஒன்றே என்று கூறும். கண்ணுக்கும் ஒன்றே. குறியெண்களை மட்டும் ஒப்பிடும் பொறிக்கோ அவை இருவேறு சொற்கள். பாடபேதம் ஏட்டிலே மட்டும் தோன்றுவது என்று எண்ணியிருந்தோமாயின் அஃது இங்கும் தோன்றுதல் காண்க. ஆகவே, நோஷன் தன் ஒவ்வொரு பதிவிற்கும் தானே இட்டுக்கொள்ளும் 32 இலக்க அடையாளத்தைப் பபிளில் ஒரு புலமாக வைத்து, அதனைக் கொண்டே தேடுதல் வேண்டும். இருந்தால் திருத்துக, இல்லையேல் புதிதாகச் சேர்க்க என்று ஆணையிட்டுவிட்டால் இவ்விடர்ப்பாடு தீரும்.

இனி, முன்னர்ச் சொன்ன இடர் யாதெனக் காண்பாம். மூதாட்டி ஒருவர் தம் தொழிலைச் சார்ந்த சொல் ஒன்றைச் சொல்லி, அது தம் குடும்பத்தாரை ஏளனம் செய்யவும் வழங்கியதென்று விளக்குகிறார் எனக் கொள்வோம். மாணவர் குறித்துக்கொள்கிறார்; 15 நிமிஷத்தில் அது செயலிக்குப் போய்விடுகிறது. சில நாள் கழித்து அம்மூதாட்டி, தம் பேரப்பிள்ளைகள் கண்ணில் அது படுமே என்று அஞ்சி, "அதை எடுத்துப்போடு, தம்பி" என்கிறார். மாணவர் நோஷனில் அப்பதிவை நீக்குகிறார். நீக்கிவிட்டோம் என்று மனநிறைவும் கொள்கிறார். செயலியிலோ அது நின்றுகொண்டேயிருக்கும். காரணம் எளிது. மேலே அமைத்த தூதனுக்குப் புதியனவற்றையும் மாறியனவற்றையும் கேட்டுவருதலே பணி. குப்பைக்குப் போன பதிவு அவன் கேட்கும் பட்டியலில் வாராது. வாராத ஒன்றைப்பற்றி அவன் யாதும் அறியான். பிழை என்றும் கூறான். சேர்த்தல் தானாக நடக்கும், நீக்கல் தானாக நடவாது என்னும் இவ்வேறுபாட்டை இணைப்புமுறை கற்பிக்கும் பாடங்கள் பெரிதும் பேசுவதில்லை. அவை முதற்பதிவு மறுகரை சேர்ந்ததைக் காட்டியதோடு நின்றுவிடுகின்றன.

இதற்குப் பரிகாரம் 'நிலை' என்னும் புலத்தில் உளது. எப்பதிவையும் எடுத்தவுடன் நீக்காது, அதன் நிலையை 'விலக்குக' என்று மாற்றுதல் வேண்டும். மாற்றியதும் அது மாறிய பதிவாகிவிடுதலின் தூதன் அதனை எடுத்துச்செல்வான். மேக்கில் வழியை இரண்டாகப் பிரித்து, நிலை 'விலக்குக' எனில் பபிளிலுள்ள பதிவை அழி என ஒரு கிளையை அமைத்தல் வேண்டும். செயலியில் அது மறைந்ததைக் கண்ணாற் கண்ட பின்னரே குறிப்பேட்டில் நீக்குதல் முறை. அவசரத்தில் ஒருவர் நேரே நீக்கிவிடுதலும் கூடுமாதலின், வாரம் ஒருமுறை இரு பக்கத்து அடையாளங்களையும் ஒப்பிட்டு, மூலத்தில் இல்லாமற் படியில் மட்டும் எஞ்சியவற்றைக் களைய ஒரு தனி ஓட்டமும் வேண்டும். தூதனும் தான் சுமந்தவற்றின் சுவட்டைச் சில நாள் தன்னிடம் வைத்திருப்பான். செய்தி மறைவானது என்று மேக்கின் அமைப்பிற் குறித்துவிட்டால் அவன் அதனை வைத்திரான். அதனையும் மறவாது செய்க.

திருத்தம் எங்கே செய்வது என்னும் வினாவும் இதனோடு ஒட்டியது. திருச்சபையில் ஞானஸ்நானப் பதிவேடு ஒன்றே. கேட்டார்க்குக் கொடுப்பன அதன் பிரதிகள். பிழை கண்டாற் பதிவேட்டிலே திருத்திப் புதுப்பிரதி கொடுப்பரேயன்றிப் பிரதியின்மேற் கைவையார். குறிப்பேடும் செயலியும் அங்ஙனமே இருத்தல் நலம். இரு திசையிலும் தூதனை ஓடவிட்டால், அவன் இங்கு எழுதியது அங்கு மாற்றமாகவும், அங்கு எழுதியது இங்கு மாற்றமாகவும் தோன்றி முடிவின்றிச் சுழல்வதும் உண்டு. செயலி படிப்போர்க்குத் திருத்தம் தோன்றினால் அதனைத் தனியே எழுதியனுப்ப ஒரு பெட்டி வைத்தாற் போதும்.

சொன்னவரின் பெயரைச் செயலிக்கு அனுப்பவே வேண்டுவதில்லை. ஊரும் தொழிலும் போதும். திரையிற் காட்டாது பபிளிற் சேர்த்து வைத்தால் என்ன எனின், திரையிற் காட்டாமை வேறு, மறைத்தல் வேறு. யார் எப்புலத்தைக் காணலாம் என்னும் விதிகளைப் பபிளில் வகுத்தாலன்றி, சிறிது கணினி அறிந்தவர் திரையின் பின்னுள்ளதையும் கண்டுகொள்வர். நோஷனிலும் உரிமை பக்கத்திற்கே கொடுக்கப்படுவது, புலத்திற்கன்று. ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டால் அதன் உட்பக்கங்களும் திறக்கும். ஆதலின் சொன்னவரின் பெயரும் அவர் நம்பிக்கையோடு சொன்னவையும் இணைப்போடு பகிராத வேறொரு பக்கத்தில் இருத்தல் வேண்டும். அட்டவணையில் 'சொன்னவர்' என்னும் புலத்தில் ஓர் எண் மட்டும் இருக்கலாம்.

கடைசியாக ஒன்று. இவ்விணைப்புக்களைப் பெரும்பாலும் இறுதியாண்டு மாணவர் ஒருவர் தம் சொந்தக் கணக்கிலேயே தொடங்குகின்றனர். அவர் கல்லூரியை விட்டுச் சென்று அக்கணக்கை மூடிய அன்றே தூதன் நின்றுவிடுவான். செயலியோ பழைய சொற்களோடு திறந்தே கிடக்கும். மூதாட்டி வந்து கேட்டால் நீக்குவார் இரார். ஆகவே கணக்கைத் துறையின் பெயராலே திறந்து, சாவியை ஆசிரியர் ஒருவரிடமும் அடுத்த ஆண்டு மாணவர் ஒருவரிடமும் ஒப்புவித்து, 'விலக்குக' என்னும் கிளையை அவர்கள் முன்னிலையில் ஒருமுறை நடத்திக் காட்டிய பின்னரே விடைபெறுதல் வேண்டும்.