இரு விரல் இசை

கிதார் மேனாட்டார் போற்றும் நரம்புக் கருவி. இடக்கையின் நான்கு விரல்கள் நரம்புகளை அழுத்த, வலக்கை மீட்டும். பயில்வோர்க்கு இம்முறையே கற்பிக்கப்படும்.

ஜாங்கோ ரைன்ஹார்ட் 1910-ஆம் ஆண்டு பெல்ஜிய நாட்டில் நாடோடிக் குடும்பமொன்றில் பிறந்தார். பாரிசு நகரருகே வண்டியையே வீடாகக் கொண்டு வாழ்ந்த அவர், இளமையிலேயே நரம்பிசையில் வல்லவரானார். 1928-இல் அவ்வண்டி தீப்பற்றிற்று. அவர் உயிர் பிழைத்தார். எனினும், இடக்கையின் மோதிர விரலும் சிறுவிரலும் வெந்து மடங்கிவிட்டன.

ஜாங்கோ மனந்தளராது, மருத்துவமனையிலேயே பயிற்சியைத் தொடங்கினார். எஞ்சிய இரு விரல்களுக்கேற்ற புதுமுறையை வகுத்தார். பிறர் நான்கு விரல்களால் குறுக்கே எட்டிய சுரங்களை, அவர் தண்டின் நெடுகிலும் விரைந்தோடி இரு விரல்களால் எட்டினார். பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்குங்கால் மடங்கிய விரல்களையும் துணைக்கொண்டார். 1934-இல் வயலின் கலைஞர் ஸ்டெபான் கிராப்பெல்லியுடன் அவர் அமைத்த ஐவர் குழு ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றது.

1965-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர்த் தொழிற்சாலையொன்றில் டோனி அயோமி என்னும் இளைஞர் தம் வலக்கையில் இரு விரல் நுனிகளை இழந்தார். இடக்கையால் மீட்டும் பழக்கமுடைய அவருக்கு, நரம்பை அழுத்தும் கை அதுவே. சோர்ந்திருந்த அவருக்கு ஜாங்கோவின் இசைத்தட்டு ஊக்கமளித்தது. பிளாஸ்டிக்கை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்தார். மெல்லிய நரம்புகளைப் பூட்டினார். பின்னர் அவற்றின் சுருதியையும் தாழ்த்தினார். அவ்வாறு எழுந்த கனத்த ஒலி புதியதோர் இசைவகைக்கு அடிகோலிற்று.

அயோமி ஜாங்கோவிடம் பெற்றது துணிவு. வகுத்த முறையோ தமக்கே உரியது. தம் நிலையை உணர்ந்து தமக்கேற்ற வழியைத் தாமே காண்பாரிடத்துப் புதுமை பிறக்கும்.