கருவுற்ற தாய்க்கு மூச்சு வாங்கினால்

பால்மரம் சீவும் கருவுற்ற தாய்க்கு மேட்டில் ஏறுகையில் மூச்சு வாங்குவது பெரும்பாலும் இயல்பே. குழந்தைக்கும் சேர்த்தே அவள் ஆழ்ந்து மூச்சு விடுகிறாள். கடைசி மாதங்களில் கருப்பையும் மேலெழுந்து நெருக்குகிறது. நிமிர்ந்து அமர்வதும், தலையணையை உயர்த்தி இடப்பக்கமாகப் படுப்பதும் இதம் தரும்.

ஆயினும், சோர்வும் வெளிறிய கண்ணிமையும் சேர்ந்தால் இரத்தசோகையாக இருக்கலாம். கிளினிக்கில் இரத்தத்தைச் சோதித்தறிக. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமேனும் இருத்தல் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் உட்கொள்ளாதீர். சத்து உடலில் சரிவரச் சேராது. கொய்யாப்பழம் துணைபுரியும்.

அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பொழுது விடியட்டும் எனக் காத்திராதீர். உடனே 999 எண்ணை அழைத்து, சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் என அருகிலுள்ள மருத்துவமனையை அடையுமாறு கேட்டுக்கொள்கிறோம்.