கணிப்பொறியின் நாடித் துடிப்பு

கணிப்பொறியின் மூளை செயலி என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அம்மூளைக்கு ஒரு நாடித் துடிப்பும் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பிராசசர் எனப்படும் செயலி, ஒரு தாளத்திற்கேற்பவே வேலை செய்கிறது. அத்தாளத்தைக் கடிகாரத் துடிப்பு என்பர். வினாடிக்கு ஒரு துடிப்பு 1 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 100 கோடித் துடிப்புகள் 1 கிகாஹெர்ட்ஸ். ஓடும்போது நம் நாடி விரைகிறது, உறங்கும்போது தணிகிறது அன்றோ? செயலியின் துடிப்பும் அவ்வாறே மாறுகிறது. அதை மாற்றுவதில் மின்சார அமைப்புகளுக்குப் பெரும் பங்குண்டு.

துடிப்பைக் குறைப்பது ஏன்?

செயலி இயங்குகையில் செலவாகும் மின்திறன், துடிப்பின் வேகத்திற்கும் மின்னழுத்தத்தின் இருமடிக்கும் நேர்விகிதத்தில் அமைகிறது. வேகம் குறைந்தால் குறைந்த மின்னழுத்தமே போதுமானது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் குறைக்கலாம்.

ஓர் உண்மை எடுத்துக்காட்டைக் காண்போம். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் இன்டெல் நிறுவனம் மடிக்கணினிகளுக்காக 'ஸ்பீட்ஸ்டெப்' என்ற முறையை வெளியிட்டது. அதைக் கொண்ட ஒரு பென்டியம் 3 செயலி, மின்இணைப்பில் இருக்கையில் 650 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் 1.6 வோல்ட்டில் இயங்கியது. பேட்டரியில் இயங்கும்போது 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட் எனத் தணிந்தது. கணக்கிட்டுப் பார்ப்போம். வேகம் சுமார் 23 விழுக்காடு குறைந்தது. மின்திறனோ சுமார் 45 விழுக்காடு குறைந்தது!

"வேகம் குறைந்தால் வேலை முடிய அதிக நேரமாகுமே, பிறகு மிச்சம் எங்கே?" என்று கேட்கலாம். நல்ல கேள்விதான். அதே வேலைக்கு 1.3 மடங்கு நேரமாகும். 0.55ஐ 1.3ஆல் பெருக்கினால் சுமார் 0.71 வரும். அதாவது, செயலியின் அளவில் 29 விழுக்காடு மிச்சமே. இம்மிச்சம் முழுவதும் மின்னழுத்தம் குறைந்ததால் வந்தது. வேகத்தை மட்டும் குறைத்திருந்தால், அதே வேலைக்கு அதே மின்சாரம் செலவாகியிருக்கும். நமக்குக் காத்திருப்பு ஒன்றே கிடைத்திருக்கும்.

நம் கையில் உள்ளது என்ன?

விண்டோஸ் கணிப்பொறிகளில் பேட்டரியைச் சேமிக்கும் அமைப்பு, நடுநிலையான அமைப்பு, முழு வேக அமைப்பு என்பவற்றைக் காணலாம். நடுநிலையில், வேலை வந்தால் துடிப்பு விரைந்து, ஓய்ந்தால் தானே தணியும். அன்றாடப் பயனுக்கு இதுவே ஏற்றது. சில கணிப்பொறிகளில் 'மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட்' என்ற உச்ச வரம்பும் தென்படும். அதை யாரேனும் 50 விழுக்காடாக வைத்துவிட்டால், எவ்வளவு அவசரமான வேலையாயினும் செயலி ஏறத்தாழ அரை வேகத்தைத் தாண்டாது.

எனவே, வீட்டுக் கணிப்பொறி திடீரென மந்தமானால், "பழசாகிவிட்டது, புதிது வாங்குவோம்" என்று பெற்றோர் முடிவு செய்யுமுன் நாம் மூன்றைச் சோதிப்போம். முதலாவது, மின்சார அமைப்பும் உச்ச வரம்பும் எவ்வாறு உள்ளன? இரண்டாவது, டாஸ்க் மேனேஜரில் சிபியு பகுதியில் காட்டப்படும் வேகம், வேலை கொடுக்கும்போது உயர்கிறதா? மூன்றாவது, மடிக்கணினியை மெத்தையிலோ தலையணையிலோ வைத்துக் காற்றுத் துளைகளை அடைத்திருக்கிறோமா? சூடு மிகுந்தால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இச்சோதனைக்குக் காசு வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் போதும். ஆயிரக்கணக்கான ரூபாய் வீணாகாமல் காக்கவும் கூடும்.

உழைப்புக்கும் ஓய்வுக்கும் காலம் வகுத்துத் தந்தவர் இறைவன். எப்பொழுதும் முழு வேகத்தில் ஓடுவது திறமையன்று. எப்பொழுதும் தணிந்து கிடப்பது சிக்கனமுமன்று. வேலைக்கேற்ற வேகமே அறிவுடைமை. கணிப்பொறிக்கு மட்டுமா? நமக்கும் அதுவே நல்வழியாம்!